பசை மாற்றிப் பார்த்த பொருத்தம்

ஆவி பறக்கத் தேநீர் வாங்கி, அது பச்சைத் தண்ணீராக ஆறும்வரை அதன் எதிரே காவல்காரரைப் போல் உட்கார்ந்திருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவின் ஈப்போவில் இருந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பதும் சந்தேகம்தான். ஊருக்கு அவர் ஆறட்டும் அண்ணன்.

எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அது. ரேடியோ பாடவில்லை என்று தூக்கிக்கொண்டு போனால், "ஆறட்டும்லா, பாப்போம்" என்பார். நான்கு நாளாகப் பாடாமல் ஜில்லென்று கிடந்த ரேடியோவாக இருக்கும். இருந்தாலும் அது ஆற வேண்டும். கல்யாணப் பந்தியில் சோற்றை இலை முழுக்கப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து இலைக்காரர் மோர் குடித்து எழுந்த பிறகுதான் இவர் சாம்பார் கேட்பார். பரிமாறுகிறவர்கள் இவரைக் கண்டாலே வேறு வரிசைக்கு ஓடிவிடுவார்கள்.

இந்த உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாமே சூட்டினால்தான் கெட்டுப்போகிறது என்பது அவருடைய முடிவு. ரேடியோ, டிவி, மீன் குழம்பு, மாமியார் மருமகள் உறவு, எதற்கும் விதிவிலக்கு கிடையாது. சூடு வருவது தப்பில்லை, அது வெளியே போக வழி இல்லாததுதான் தப்பு என்பார். அந்த வழி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. மற்றவர்கள் பேனா சொருகும் இடத்தில் அவர் ஒரு சின்ன டியூப் வைத்திருப்பார். பார்க்கப் பற்பசை மாதிரி. உள்ளே வெள்ளைப் பசை.

அந்தப் பசையின் கதை இவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயருக்குள் கொதிக்கிற டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள அதை ஓர் அலுமினியத் தகட்டோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளில் காற்று புகுந்து சூட்டை மறித்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை. நாளானால் அது காய்ந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இதை அவர் எனக்குக் குறைந்தது இருநூறு தடவை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே விளக்குவார்.

"ஒரு அரிசி அளவு போதும், தங்கச்சி. தோசை மாவு மாதிரி ஊத்துனா, கம்பளி போத்திவிட்ட கணக்கு."

எழுபதுகளில் நாங்கள் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்போது ஆறட்டும் அண்ணன் தோட்டத்து இஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். கோவில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. கோவில் கமிட்டித் தலைவர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் மைக்கைப் பிடித்தால் நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்துதான் ஆரம்பிப்பார். அந்தக் கப்பல் பினாங்குக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பாடு கிடையாது.

ஒரு வருஷம் கொளுத்துகிற மத்தியானத்தில் தலைவர் பேச்சைத் தொடங்கினார். கப்பல் நடுக்கடலில் இருந்தபோது ஆறட்டும் அண்ணன் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்தார். சுவிட்சை அணைத்தார். தலைவரின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. அண்ணன் மேடை ஓரத்திலேயே ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பரப்பி, பழைய பனியன் துணியில் ஸ்பிரிட் தொட்டு, காய்ந்த பசையைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு அவசரமாக இதைச் செய்ய வேண்டுமா என்று தலைவர் மாலையோடு வந்து கேட்டார்.

"நீங்க தாங்குவீங்க, ஐயா. டிரான்சிஸ்டர் தாஹான் பண்ணாதுலா."

எல்லாம் முடிந்து மைக் மறுபடி பேசத் தயாரானபோது சனம் முழுக்கச் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. தலைவர் எதிரே இருந்தது அண்ணனும் ஓர் ஆடும்தான். லயத்து வீடுகளில் எல்லாம் அண்ணனைக் கொண்டாடினார்கள். அடுத்த வருஷமும் அதே ஆம்ப்ளிஃபயரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று ரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்று அண்ணனுக்குப் புரியவே இல்லை. அவர் கிண்டலுக்காக எதையும் செய்தவரில்லை. நிஜமாகவே டிரான்சிஸ்டருக்காகத்தான் கவலைப்பட்டார்.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவில் எனக்கு லஹாட் ரோடு பக்கத்தில் ஒரு கடையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அதே வரிசையில் காதர் பாய் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையில், ஒரு மேசை போட்டு ஆறட்டும் அண்ணன் ரிப்பேர் வேலை செய்துகொண்டிருந்தார். எதிரே ஒரு கிளாஸ் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் கடையில் டைப் அடிப்பது, போட்டோஸ்டாட் எடுப்பது, பாஸ்போர்ட் படம் பிடிப்பது எல்லாம் உண்டு. இது போதாதென்று முதலாளி சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். யார் செய்தது, எங்கே செய்தது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு ஜாதக டிஸ்க்கும் வரவழைத்தார். வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம், மூன்றே நிமிடத்தில் பத்துப் பொருத்தம்' என்று போர்டு ஏறியது. கூட்டம் வந்தது. ஜோசியர் ஆளைப் பார்த்துச் சொல்லிவிடுவார், கம்ப்யூட்டருக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது என்று ஜனங்கள் நம்பினார்கள்.

கடைக்குத் தகரக் கூரை. பன்னிரண்டு மணியானால் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பெண் நட்சத்திரத்தில் அப்படியே நின்றுவிடும். முதலாளி ஆறட்டும் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு சில்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பிராசசர் என்கிற பெரிய சில்லின் மேல் விரல் பட்டதும், பிரிந்த சொந்தத்தைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தது.

அந்தக் காலத்தில் அந்தச் சில்லின் மேல் தகடு வைப்பதெல்லாம் யாரும் செய்யாத காரியம். அண்ணன் செய்தார். அலுமினியம் வேண்டும் என்றார். கடையில் இல்லை. நேரே போய்த் தன் சாப்பாட்டு அடுக்கின் மூடியை எடுத்து வந்து வெட்டினார். விசிறி மாதிரி மடித்தார். அரிசி அளவு பசை வைத்து, சில்லின் மேல் அழுத்தி, தூண்டில் நரம்பால் கட்டினார். அன்றைக்குக் கம்ப்யூட்டர் மாலை வரை நிற்காமல் ஓடியது. அன்றிலிருந்து அண்ணன் தன் மதியச் சோற்றைப் பேப்பர் போட்டு மூடிக் கொண்டுவந்தார். காதர் பாய் பாவப்பட்டு ஒரு மூடி கொடுத்ததற்கு வேண்டாம் என்றுவிட்டார். தன் மூடி இப்போது பெரிய வேலையில் இருக்கிறது என்று அவருக்குப் பெருமை.

சில வாரத்துக்கு ஒரு தடவை வந்து பசையை மாற்றுவார். மூங்கில் சீவலால்தான் சுரண்டுவார். இரும்பு பட்டால் கீறிவிடுமாம். ஒருநாள் அவர் வரத் தாமதமானதால் முதலாளியே அரை டியூப்பைப் பிதுக்கி வைத்துவிட்டார். பிறந்தநாள் கேக் மாதிரி வழிந்தது. அண்ணன் வந்து பார்த்தார். துடைத்துச் சரிசெய்தார். பிறகு ஒன்பது நாள் முதலாளியோடு பேசவில்லை. எல்லாப் பசையும் ஒன்றுதானே என்று விளையாட்டாகக் கேட்ட காதர் பாயின் கடையில் இரண்டு வாரம் கை நனைக்கவில்லை. பசை விஷயத்தில் அவரிடம் விளையாட்டு கிடையாது, பொய்யும் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் ஒருவர் சனிக்கிழமைதோறும் கடைக்கு வரத் தொடங்கினார். தைப்பிங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஈப்போவில் அக்கா வீடு. தன் பிறப்புப் பத்திரத்தை போட்டோஸ்டாட் எடுக்க வருவார். மறு வாரமும் வருவார், அதே பத்திரம். ஒரு மனிதன் எத்தனை முறை பிறந்தாலும் அத்தனை நகல் தேவைப்படாது. முதலாளிக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. ஏழாவது வாரம் எதற்கு இவ்வளவு என்று நானே கேட்டுவிட்டேன். அவர் காதெல்லாம் சிவந்து, உங்களைப் பார்க்கத்தான் என்றார். எனக்கு அது நாலாவது வாரமே தெரியும்.

இரண்டு வீட்டிலும் பேசினார்கள். பெரிய எதிர்ப்பு இல்லை. ஆனால் பொருத்தம் பார்க்காமல் ஆகாது என்று என் அப்பாவும் சொன்னார், அவருடைய அம்மாவும் சொன்னார். பெண்ணே கம்ப்யூட்டர் கடையில் இருக்கும்போது வேறெங்கே போவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கடைக்கே வந்துவிட்டன. முதலாளி எங்களுக்காகக் கடையைத் திறந்து, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். மணி பன்னிரண்டு. தகரம் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால், திரை தெரிகிற தூரத்தில், ஆறட்டும் அண்ணன் ஓடாத மின்விசிறி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்.

என் பிறந்த விவரத்தையும் மாப்பிள்ளையின் விவரத்தையும் நானே டைப் அடித்தேன். அவருடைய பிறந்த தேதி எனக்குத் தலைகீழாகத் தெரியும். அத்தனை நகல் எடுத்திருக்கிறேன்; அதில் ஒன்று மேசை மேலேயே விரிந்து கிடந்தது. ஆனால் விசையைப் பார்க்காமல் அவசரமாகத் தட்டினேன். ஆறு பேர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அச்சு இயந்திரம் கிரீச் கிரீச்சென்று கத்திப் பேப்பரைத் துப்பியது.

பத்துக்கு இரண்டு. தாலிக்கு முக்கியம் என்று சொல்லும் ரஜ்ஜுவும் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் அப்பா அந்தப் பேப்பரை நாலாக மடித்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி சட்டைப் பையில் வைத்தார். மாப்பிள்ளையாக வந்தவர் என்னைப் பார்க்க முடியாமல் போட்டோஸ்டாட் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி சனிக்கிழமை வராது என்று மட்டும் தோன்றியது.

"ஆறட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினோம். அண்ணன் எழுந்து வந்து கம்ப்யூட்டர் முதுகில் கை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்:

"மிஷின் கொதிக்குது. காய்ச்சல்ல கெடக்கிறவன் பொலம்புறதை யாராச்சும் எழுதி வாங்குவாங்களா? பசை மாத்திட்டு மறுபடி பாக்கணும்."

முதலாளி முகம் வெளிறிவிட்டது. மிஷின் தப்பாகச் சொல்லும் என்று கடைக்குள்ளேயே ஒருவன் சொல்வதா என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அண்ணன் காதில் வாங்கவில்லை. சுவிட்சை அணைத்தார். சூடு இறங்க இருபது நிமிஷம், துடைத்து வைக்கப் பத்து நிமிஷம், பசை படிய அரை மணி என்று கணக்குச் சொன்னார். போக எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, காதர் பாய் கடைக்குச் சொல்லி எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார்.

நேரம் வந்ததும் மூடியைக் கழற்றினார். ஸ்பிரிட் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். தூண்டில் நரம்பை அவிழ்த்துத் தகட்டைத் தூக்கினார். உள்ளே பசை வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தது. இருக்காதா பின்னே, முந்தாநாள்தான் மாற்றியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் முதுகால் மற்றவர்களை மறைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, சுண்ணாம்பாக் காஞ்சு போச்சு" என்று சத்தமாகச் சொன்னார்.

பசை விஷயத்தில் அந்த மனிதர் பொய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு, துணியில் ஸ்பிரிட்டை ஊற்றச் சொல்லி என் பக்கம் குனிந்தவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மாப்பிள்ளை பொறந்த மாசம் பதினொண்ணு, தங்கச்சி. நீ ஒரு ஒண்ணுதான் அடிச்சே. இந்தத் தடவை மெதுவா அடி."

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. இதை அவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உடனே புரிந்தது. பொருத்தம் இல்லை என்றதும் பெண் எண்ணை மாற்றி அடிக்கிறாள் என்றுதான் மாப்பிள்ளையின் அம்மா நினைத்திருப்பார். அதற்குப் பிறகு பத்துக்குப் பத்து வந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அண்ணன் அந்த நல்ல பசையை, முந்தாநாள் அவரே பார்த்துப் பார்த்து வைத்த பசையை, ஒரு பொட்டு விடாமல் துடைத்தெடுத்தார். புதிதாக அரிசி அளவு வைத்தார். அவசரமே படவில்லை.

அந்த ஒரு மணி நேரம் கடைக்குள் இரண்டு குடும்பமும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முதல் கால் மணி நேரம் தேநீர் உறிஞ்சும் சத்தம் மட்டும்தான். பிறகு மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுருக்கி, இந்த ஸ்பிரிட் வாடை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறது என்றார். அதற்கு என் அம்மா, எங்கள் தோட்டத்தில் மருந்து போடும் டிரஸர் தலைவலிக்கும் கால் முறிவுக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைத்தான் கொடுப்பார் என்றார். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் காது கேட்காதவரா என்று கேட்டார். ஆமாம், காது கேட்காதவர்தான். ஒரே ஆள் இரண்டு தோட்டத்துக்கும் போய்வந்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் அதே சிவப்புத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்கள். கைப்பை தரைக்கு இறங்கியது.

அந்தப் பக்கம், இந்த ஆள் யார் என்று மாப்பிள்ளையின் அப்பா என் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். என் அப்பா கமிட்டித் தலைவரின் கப்பல் கதையைச் சொன்னார். ஆடு வந்த கட்டத்தில் அவருடைய அப்பா சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் கொட்டியது. என் அப்பா துடைக்கப் பையைத் துழாவி, நாலாக மடித்து வைத்திருந்த பொருத்தத்தை எடுத்துத் துடைத்தார்.

நான் மறுபடி அடித்தேன். ஒண்ணு. இன்னொரு ஒண்ணு. பத்துக்கு எட்டு வந்தது. அதை முதலாளி சத்தமாகப் படித்தபோது யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், பெண்ணுக்குச் சம்பால் அரைக்க வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நல்லபடி முடிந்தது. முதலாளிக்குத்தான் வினை ஆரம்பித்தது. சூட்டில் கம்ப்யூட்டர் பொய் சொல்லும் என்ற செய்தி ஒரே வாரத்தில் தாப்பா வரை போய்விட்டது. மத்தியான வேளையில் பொருத்தம் பார்த்து இல்லை என்று திரும்பிப் போனவர்கள் எல்லாம், பசை மாற்றிப் பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். ஒருவர் மட்டும் வேறு மாதிரி. அவருக்கு ஒன்பது பொருத்தம் வந்து, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒன்பதும் மிஷின் சூட்டில் சொன்னது என்று ஒரு கடிதம் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே வந்த அவர் மனைவி, தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார்.

முதலாளி கெட்டிக்காரர். போர்டை மாற்றிவிட்டார். 'ஒவ்வொரு ஜாதகத்துக்கும் புதுப் பசை.' ஆறட்டும் அண்ணனைச் சலவை வேட்டி கட்டச் சொல்லி முன்னால் உட்கார வைத்தார். ஜனங்கள் அவர் பசை வைப்பதை அபிஷேகம் மாதிரி பார்த்தார்கள். ஓர் அம்மா டியூப்புக்குக் குங்குமம் வைத்துவிட்டார். இன்னொருவர் துடைத்த துணியைப் பிரசாதமாகக் கேட்டார். அண்ணன் மூன்று வாரம் பொறுத்தார்.

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை குளிப்பாட்டுனா அந்தச் சில்லு என்னத்துக்கு ஆகும்? நான் வாரேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஈப்போவையே காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

போன ஊர் தைப்பிங். ஓயாமல் மழை பெய்கிற ஊர், மிஷினுக்கு நல்ல ஊர் என்று காரணம் சொன்னார். நான் கல்யாணமாகி அங்கே போனபோது பசார் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொய்யைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அந்தப் பசை கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சும்மா வீட்டுக்கு வாங்க என்றால் வர மாட்டார். தனி ஆள், கூச்சம். ஏதாவது கெட்டுப்போய் ரோசாக் ஆனால்தான் வருவார். வந்தால் வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அதனால் அவரைப் பார்த்து நாளாகிவிட்டால் என் வீட்டுக்காரர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி ஒரு கம்பியை உருவி வைப்பார். அண்ணன் வந்து பார்த்துவிட்டு எலி வேலை என்பார். ஆமாம் அண்ணே, ஊரெல்லாம் எலி என்போம் நாங்கள்.

ஒரு தடவை அவர் சரிசெய்துவிட்டுப் போன மூன்றாம் நாளே ரேடியோ நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அண்ணன் ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் சும்மா சொருகி மட்டும் விட்டிருந்தார். ஒரு வேலையையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

என் வீட்டுக்காரர் மூடியை அப்படியே மாட்டினார். நான் குடையை எடுத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிடக் கிளம்பினேன்.